கண்ணாடிப் பீரோவில் இருந்த கால்

செல்லதுரைக்குக் கால் வந்துவிட்டது. பெரம்பலூர் நாலு ரோட்டுப் பக்கம் 'தன்மேலாண்மை வழி மறுவாழ்வு மையம்' என்று பலகை மாட்டிய கட்டடத்தில், கண்ணாடிப் பீரோவுக்குள் அது நின்றுகொண்டிருந்தது. அவர் முழங்காலுக்கு அளவெடுத்துச் செய்த இடது கால். மேல்பக்கம் டேப் ஒட்டி அவர் பேரையும் எழுதி வைத்திருந்தார்கள். கால் வந்ததில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அதை அவருக்குக் கொடுப்பதில்தான் சிக்கல்.

செல்லதுரை லப்பைக்குடிக்காட்டில் அமானுல்லா பாய் கடையில் பொரோட்டா மாஸ்டர். மீசை முளைக்கும் முன்பே கல்லுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தவர். வாழ்க்கையில் உட்கார்ந்தது என்றால் பஸ்ஸிலும் பந்தியிலும்தான். ஒருநாள் கொதிக்கிற எண்ணெய் இடது பாதத்தில் கொட்டியது. சுகர்க்காரர் ஆயிற்றே, பாதத்தில் உணர்ச்சி ஏற்கெனவே பாதி செத்துப்போயிருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அன்றைக்கு வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். புண் கறுத்தது, நாறியது, திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அமானுல்லா பாய் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். நல்ல மனுஷன், உள்ளதை உள்ளபடி சொல்கிற மனுஷன். "பக்ரீத்துக்குள்ள வந்துடு செல்லதொர. துபாய்லேருந்தும் சவுதிலேருந்தும் லீவுல வர்ற பயலுவோ எல்லாம் ஒன் கைப் பொரோட்டாவத்தான் கேப்பானுவோ. அதுவரைக்கும் மணப்பாறைக்காரர் ஒருத்தர கல்லுல நிறுத்தியிருக்கேன். அதுக்கு மேல அந்தாள அலைக்கழிக்க எனக்கு மனசு வராது. அவரும் புள்ளகுட்டிக்காரரு, இடத்தை அவருக்கே உறுதி பண்ணிடுவேன். தப்பா எடுத்துக்காத" என்றார். இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? செல்லதுரைக்கு அன்றிலிருந்து பக்ரீத் ஒன்றுதான் பண்டிகை.

நின்றே பழகிய மனுஷனை வீட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? கால்தான் போயிற்று, கை போகவில்லையே. கட்டில் சட்டத்தைப் பொத்துப் பொத்தென்று அறைவார். தலையணையைப் பிசைவார். துவைத்து மடித்த துண்டை எடுத்து வீசி விரித்து, திரும்பச் சுருட்டி, திரும்ப வீசுவார். காட்டில் கூலிக்குச் சின்ன வெங்காயம் அறுக்கப் போய்விட்டு வருகிற பெண்டாட்டி பரிமளா இதைப் பார்த்துவிட்டு, "கைய வெச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்" என்பாள். சும்மா இருக்கத் தெரிந்தால் இருக்க மாட்டாரா?

இந்த நிலையில்தான் மையத்திலிருந்து அழைப்பு வந்தது.

மையத்து வாசலில் கொரோனா காலத்து ஸ்டாண்டு ஒன்று இன்னும் நின்றுகொண்டிருந்தது. கீழே இருக்கிற கட்டையைக் காலால் மிதித்தால் மேலே கையில் மருந்து கொட்டும். கைகழுவாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தார்கள். கால் போனவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, இருக்கிற காலால் மிதித்து, கட்டை தவறி விழுந்து, எழுந்து உள்ளே போனார்கள். உள்ளே மாவட்ட ஒருங்கிணைப்பாளர் முத்தமிழ்செல்வன் மைக்கோடு காத்திருந்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் ஒரு சின்ன ஹாலில் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். ஆனாலும் மைக் இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது.

"முன்னாடியெல்லாம் என்ன பண்ணோம்? கால் போச்சுன்னு ஒருத்தர் வந்தா, ஒடனே கால் செஞ்சு குடுத்து அனுப்பினோம். பெரிய தப்பு. மனுஷனைச் சோம்பேறி ஆக்கிட்டோம். இப்ப அப்படி இல்ல. கால் குடுக்கறதுக்கு முன்னாடி, அந்தக் காலுக்குத் தகுதியான ஆளா ஒங்கள உருவாக்கறோம்."

கைதட்டச் சொல்லி ஒருவர் சைகை காட்டினார். கக்கத்துக் கட்டையைப் பிடித்திருந்தவர்களால் தட்ட முடியவில்லை. மற்றவர்கள் தட்டினார்கள்.

"ஒங்க காலுக்கு டாக்டர் யாரு?" என்று முத்தமிழ்செல்வன் செல்லதுரையைப் பார்த்துக் கேட்டார்.

"திருச்சிலங்க. பேரு ஞாபகமில்லிங்க."

"இல்ல. நீங்கதான். பயிற்சி குடுக்கறவர் யாரு? நீங்கதான். புண்ணு வந்தா பாக்குற நர்ஸ் யாரு? நீங்களேதான். இங்க டாக்டர் இல்லைன்னு சில பேர் மொட்டைக் கடுதாசி போடறாங்க. எப்படி இல்லைன்னு சொல்ல முடியும்? இத்தன பேர் ஒக்காந்திருக்கீங்களே."

பிறகு செல்போனில் 'நானே' என்ற செயலியை எல்லோருக்கும் ஏற்றிக் கொடுத்தார்கள். காலையிலும் மாலையிலும் அது கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். வெட்டின காலைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அதை வைத்து அது சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆளுக்கு நிறம் கொடுக்கும். பச்சைக்கு வந்தால் பீரோ திறக்கும். செல்லதுரை கண்ணாடி வழியாகத் தன் காலைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையானதால் பீரோவுக்குப் பொட்டு வைத்தவர்கள், அதற்கும் மேல்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம், கட்டிக்கொடுத்த மகள் விட்டுப்போன பழைய செல்போனை முன்னால் வைத்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்தார்கள். பொம்பளைக் குரல் ஒன்று தேனாகப் பேசியது. "வணக்கம் செல்லதுரை. இன்று உங்கள் எஞ்சிய உறுப்பு எப்படி உணர்கிறது?" கீழே வரிசையாக மூஞ்சிகள். ஒரு ஓரத்தில் சிரிப்பது, இன்னொரு ஓரத்தில் கண்ணீர் விடுவது.

செல்லதுரை நடுவில் இருந்த மூஞ்சியைத் தொடப் போனார். பரிமளா கையைத் தட்டிவிட்டாள்.

"கவர்மெண்டுல நல்லாருக்கேன்னு சொன்னவனுக்கு எதுங்க கெடச்சிருக்கு? ஊனச் சான்று வாங்கப் போனப்ப சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு வந்தீங்க. அந்தாளு ஒங்கள ஏற எறங்கப் பாத்துட்டு அடுத்த வாரம் வாங்கன்னாரு. கிழிஞ்ச கைலியோட தாடி மீசையோட போன பொறவுதான கையெழுத்துப் போட்டாரு? குடுங்க இப்புடி."

பெரம்பலூர் ஜில்லாவில் அரசாங்கத்திடம் எதையாவது வாங்கிய அத்தனை குடும்பமும் இப்படித்தான் வாங்கியிருக்கிறது. பரிமளா விரலை நீட்டி அழுகிற மூஞ்சியாகப் பார்த்து அமுக்கினாள். வலி? தாங்க முடியவில்லை. தூக்கம்? கிடையாது. தன்னம்பிக்கை? அறவே இல்லை. குடும்பத்தார் அனுசரணை உண்டா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதற்கும் இல்லை என்றே அமுக்கினாள். "ஆதரவில்லாதவங்களுக்குன்னு தனியா எதுனா குடுப்பாங்க" என்றாள். சொந்த வீடு போன பொங்கலுக்குத்தான் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. அதனால் பக்கத்து வீட்டில் இடிந்து கிடந்த மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் அவரை உட்கார வைத்து, தலையைக் கலைத்துவிட்டுப் போட்டோ எடுத்தாள்.

செயலி உடனே சிவப்பானது. "செல்லதுரை, நீங்கள் தனியாக இல்லை. உங்களுடன் நீங்கள் இருக்கிறீர்கள்" என்றது.

அதோடு விட்டதா? ஊக்கம் கொடுக்க வீடியோ அனுப்பியது. பச்சைப் புல்தரையில் விரிப்பு போட்டு, உடம்பை ஒட்டின உடுப்பில் ஒரு பெண் இரண்டு கால்களையும் காற்றில் சுழற்றிக்கொண்டே, "உங்களாலும் முடியும்" என்று சிரித்தாள். இந்த வயதில் தன் புருஷன் இதைத் தினமும் முழுசாகப் பார்த்து முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்தினால் புள்ளி போய்விடும் என்பதில் பரிமளாவுக்குக் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. பார்த்து முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு நடுவில் செல்லதுரைக்கு வேறு ஒரு வதை. வெட்டி எடுத்த காலின் சுண்டுவிரல் அரித்தது. விரலே இல்லை, ஆனால் அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. சொறிய இடமில்லாமல் மனுஷன் அல்லாடினார். வெட்கத்தை விட்டு அதைச் செல்போனிடம் சொன்னார். "இல்லாத வெரலு அரிக்குதுங்க. என்ன பண்ணட்டும்?"

"பாதங்களை நாள்தோறும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்கவும்" என்றது குரல்.

செல்லதுரைக்கு அழுகை வந்துவிட்டது. கால் போன அன்றைக்குக்கூட அவர் அழவில்லை. ஒரு யந்திரத்திடம் போய் வாயைத் திறந்தோமே என்று இப்போது அழுதார். அழுகிற மூஞ்சியை அமுக்க அன்றைக்குப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பக்ரீத் நெருங்கிக்கொண்டிருந்தது. நிறம் மட்டும் சிவப்பிலிருந்து அசையவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பஸ் பிடித்து மையத்துக்குப் போனார்கள். பயிற்சியாளர் என்று அங்கே கீதாஞ்சலி என்ற பெண் இருந்தாள். பிசியோதெரபி படித்தவள். ஆனால் நோயாளியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. தொட்டால் தன்மேலாண்மை கெட்டுவிடுமாம். அதனால் அவள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, 'பயிற்சியாளருக்கான நானே' என்ற இன்னொரு செயலியில், இன்று நான் எத்தனை பேரைத் தொடாமல் இருந்தேன் என்று பதிந்துகொண்டிருந்தாள்.

செல்லதுரையின் செல்போனை வாங்கிப் பார்த்தவள், மேலே இருந்த கேமராவுக்குத் தெரியாமல் குனிந்துகொண்டு பேசினாள். "என்னண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க? இப்படி அழுமூஞ்சியா அமுக்கினா செவப்புதான் காட்டும். செவப்புன்னா, இவருக்குக் கால் குடுத்தா வெச்சுப் பொழைக்கத் தெரியாதுன்னு அர்த்தம். சிரிக்கிற மூஞ்சிய அமுக்குங்க."

"நல்லாருக்கேன்னு சொன்னா குடுப்பாங்களா மேடம்?" பரிமளாவுக்கு நம்பிக்கை வரவில்லை. இப்படி ஓர் அரசாங்கத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"சொல்லிப் பாருங்கக்கா. லேட் பண்ணாதீங்க. அளவெடுத்து ரொம்ப நாளாச்சு. வெட்டின கால் நாளாக நாளாக வத்தும். அப்பறம் செஞ்சு வெச்ச காலு லூசாயிடும்."

வீட்டுக்கு வந்ததும் பரிமளா காரியத்தில் இறங்கினாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. செல்லதுரைக்கு முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணச் சட்டையைப் போட்டுவிட்டு, வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். வலி? துளியும் இல்லை. தூக்கம்? ஆனந்தம். நடக்க ஏக்கம் உண்டா? எதற்கு ஏக்கம், சிரிக்கிற மூஞ்சி. குடும்பத்தார் அனுசரணைக்கு மட்டும் சிரிக்கிற மூஞ்சியை விரல் வலிக்கும்வரை அமுக்கினாள். சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. அதோடு நிற்காமல் தங்க நிறத்துக்குப் போய், செல்போன் முழுக்கப் பூ கொட்டியது.

முத்தமிழ்செல்வனே போன் செய்து, "ஒடனே வாங்க, ஒங்கள கௌரவிக்கணும்" என்றார். பரிமளா பழைய நூல்சேலை ஒன்றைத் துவைத்து மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். வரும்போது பஸ்ஸில் காலுக்கு அடிபடாமல் சுற்றி எடுத்து வருவதற்கு.

மையத்தில் முத்தமிழ்செல்வன் செல்லதுரைக்குப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். மாவட்டத்தில் தங்க நிறம் தொட்ட முதல் 'தன்னிறைவாளர்' என்றார்கள். செல்லதுரை எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டு, பீரோவையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் சாவியைத் தேடவில்லை.

"சார், அந்தக் காலு?"

"எந்தக் காலு?"

"என் காலுங்க. பீரோவுல இருக்கறது."

முத்தமிழ்செல்வன் அன்போடு அவர் தோளில் கை வைத்தார். "அது எதுக்கு ஒங்களுக்கு?"

"நடக்கத்தாங்க."

"நடந்தா என்ன கெடைக்கும்? தன்னம்பிக்கை. அது ஒங்ககிட்ட நூத்துக்கு நூறு இருக்குன்னு செயலியே சொல்லுதே. வலி இல்ல, கவலை இல்ல, ஏக்கம் இல்ல. காலு உள்ள நான்கூட இவ்வளவு சந்தோஷமா இல்லீங்க. நெசமா சொல்றேன். இந்தத் திட்டத்தோட பெருமையே அதுதான். முன்னல்லாம் வருசா வருசம் எத்தனையோ கால் குடுக்க வேண்டியிருந்துச்சு. இந்த வருசம் ஒண்ணுகூடக் குடுக்கல. அவ்வளவு பேரும் தேறிட்டாங்க. காலக் குடுத்தாத்தான் கஷ்டமே. போட்டுக்கிட்ட அடுத்த நாளே வலிக்குது, உரசுதுன்னு அழுமூஞ்சிய அமுக்கிடறாங்க. மாவட்டமே கீழ போயிடுது."

பரிமளாவுக்கு எதுவும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அழுதாலும் கிடையாது, சிரித்தாலும் கிடையாது. கட்டைப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாசமாப் போவ" என்று யாரையும் குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். செல்லதுரை பஸ்ஸில் வழி நெடுக முன்சீட்டுக் கம்பியை அறைந்துகொண்டே வந்தார். கண்டக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு, முகத்தைக் கண்டதும் முன்பக்கம் நகர்ந்துவிட்டார்.

பாய் கடையில் மணப்பாறைக்காரருக்குப் புதுப் பனியன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்ற சேதியும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. கடைப் பேர் போட்ட பனியன். செல்லதுரை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஓர் உயரதிகாரி வருகிறார் என்று தகவல் வந்து மையமே தலைகீழானது. வருகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம்: "யாராவது நடக்கறத நான் கண்ணால பாக்கணும்." திட்டம் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. முத்தமிழ்செல்வன் ஒரு ராத்திரி தூங்கவில்லை. காலையில் செல்லதுரைக்கு ஜீப் அனுப்பினார்.

"விழா முடியற வரைக்கும் காலப் போட்டுக்கலாம். விழா முடிஞ்சதும் கழட்டிக் குடுத்துடணும். மறுநாள் அரியலூர்ல கண்காட்சி, அங்க வெக்கணும். விழா வர்ற வரைக்கும் ஒத்திகை பாத்துக்கங்க."

கீதாஞ்சலி மெதுவாகக் கேட்டாள். "சார், நடக்கப் பழகணும்னா நான் தொட்டுத்தான் சார் ஆவணும்."

"சிகிச்சைக்குத்தான் தொடக்கூடாது. ஒத்திகைக்குத் தொடலாம்" என்றார் முத்தமிழ்செல்வன்.

இப்படியாக, அந்த மறுவாழ்வு மையத்தில் முதன்முதலாக ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி நடந்தது, கலைநிகழ்ச்சிக் கணக்கில். பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு செல்லதுரை நின்றார். கீதாஞ்சலி சொன்னது சரிதான், காலு லொடலொடவென்று ஆடியது. அவள் மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பருத்தி உறை வாங்கி வந்து, இடைவெளி அடைபட வெட்டின காலில் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிவிட்டு, எப்போது ஒன்றைக் கூட்ட வேண்டும், எப்போது குறைக்க வேண்டும் என்று அவருக்கும் பரிமளாவுக்கும் சொல்லிக் கொடுத்தாள். கழற்றியதும் தோலைத் தடவிப் பார்த்து, சிவந்த இடத்தைக் காட்டி, இந்தச் சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால் அன்றைக்குச் செயற்கைக் காலை மாட்டவே கூடாது என்றாள். பரிமளா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். செயலி இத்தனை நாள் சொல்லாத ஒன்றை அந்தப் பெண் கையால் காட்டினாள்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. எந்த மூஞ்சியையும் அமுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். கம்பியை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்த அன்றைக்கு, பரிமளா ஸ்டாண்டில் நின்ற யாருடைய சைக்கிளையோ பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கீதாஞ்சலி தன் செயலியைத் திறந்து, இன்று யாரையும் தொடவில்லை என்று பதிந்தாள்.

விழா நாள். பந்தல், வாழைமரம், குத்துவிளக்கு. மேடையேறச் சாய்தளம் போட்டிருந்தார்கள். அதன் மேல் வரிசையாகப் பூந்தொட்டி வைத்ததால் யாரும் ஏற முடியவில்லை. கீதாஞ்சலி ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரம் வைத்தாள். முத்தமிழ்செல்வன் பேச்சு நீண்டது. "எங்கள் பயனாளிகள் யாரும் எங்களைத் தேடி வருவதில்லை. அதுவே எங்கள் சேவைக்குச் சான்று" என்றார். சென்னை அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். செல்லதுரையை அழைத்தார்கள்.

மேடையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும், அங்கே நாற்காலியில் உட்கார்ந்து காலைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஒத்திகை அப்படித்தான். செல்லதுரை நடந்தார். கீழே ஜனங்கள் தட்டினார்கள். அந்தக் கோடியில் நாற்காலி இருந்தது. அதன் பக்கத்தில் காலை வாங்கிக்கொள்ள ஒருவர் அட்டைப்பெட்டியோடு நின்றார். செல்லதுரை அட்டைப்பெட்டியைப் பார்த்தார். அதற்குள் திரும்பவும் இதை வைத்து மூடிவிட்டால் பக்ரீத் போய்விடும், கல் போய்விடும், பிறகு சாகும்வரை கட்டில் சட்டத்தை அறைய வேண்டியதுதான். அவர் நாற்காலியைத் தாண்டினார். சாய்தளத்தில் இறங்கினார்.

"எங்க போறாரு?" என்றார் சென்னை அதிகாரி.

முத்தமிழ்செல்வனின் ஒத்திகையில் இது இல்லை. கையில் மைக் இருந்தது. பழக்கம் காப்பாற்றியது. "அவர் விருப்பம்போல் போவார் ஐயா. அதுதான் தன்மேலாண்மை."

பந்தலே எழுந்து நின்று தட்டியது. செல்லதுரை பந்தலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டுக்குப் போனார். லப்பைக்குடிக்காடு பஸ் ஒன்று வந்து நின்றது. கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார். கக்கத்துக் கட்டை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பரிமளா, அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடி அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டாள். சென்னை அதிகாரி மனம் நிறைந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் ஒருவரை நடக்கவைத்த மையம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

கடையில் சாயங்கால வியாபாரம் தொடங்குகிற நேரம். மணப்பாறைக்காரர் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். செல்லதுரை உள்ளே வந்து, "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா மாஸ்டர்" என்றார். அவர் ஏறிட்டுப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துகொண்டார்.

அமானுல்லா பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "மாஷா அல்லாஹ். நிப்பியா செல்லதொர?"

"நிக்கிறேன் பாய்."

மணப்பாறைக்காரரைப் பக்ரீத் முடிகிற மட்டும் சால்னா பக்கம் பார்த்துக்கொள்ளச் சொன்னார் பாய். கூட்டம் அப்படி வரப்போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

கடை நிரம்பி வழிந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. முத்தமிழ்செல்வன் இறங்கினார். போலீஸுக்குப் போகலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். போனால் என்னவென்று எழுதிக் கொடுப்பது? இந்த வருடம் ஒரு காலும் கொடுக்காத மையத்திலிருந்து ஒருவர் காலோடு போய்விட்டார் என்றா? அதனால் தானே வந்துவிட்டார். கூடவே அந்த அட்டைப்பெட்டி.

"காலக் கழட்டிக் குடுங்க" என்றார் கல்லுக்குப் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில். "காலைல அரியலூர்ல இருக்கணும் அது."

செல்லதுரைக்குப் பகீரென்றது. ஆனால் இரண்டு கையிலும் எண்ணெயும் மாவும். கல் நிறையப் பொரோட்டா. "கல்லு காயுதுங்க சார். கைய எடுத்தா கருகிடும். வேணும்னா நீங்களே கழட்டிக்குங்க" என்றார். அவர் வீம்புக்குச் சொல்லவில்லை. நகர முடியாத அவசரத்தில், வேறு வழி தெரியாமல் சொன்னார்.

முத்தமிழ்செல்வன் குனிந்தார். குனிந்தால் எட்டவில்லை. மண்டி போட்டார். கைலி மறைத்துக்கொண்டிருந்தது. நாலு பேர் சாப்பிடுகிற இடத்தில் இன்னொரு ஆம்பளை கைலியை எப்படித் தூக்குவது? கையை உள்ளே விட்டுத் துழாவினார். உள்பக்கம் ஒரு பொத்தானை அமுக்கினால் கால் கழன்றுகொள்ளும். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு காலை அவர் தொட்டதே இல்லை. இரண்டு கையாலும் செல்லதுரையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். தலையில் மாவு கொட்டியது.

வாயில் வைத்த பொரோட்டாவை மெல்லாமல் எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஆபீசர் ஒருவர், அரசாங்க ஜீப்பில் வந்து இறங்கி, பொரோட்டா மாஸ்டர் காலில் விழுந்து கிடக்கிறார். சவுதியிலிருந்து லீவில் வந்த ஒருவர் செல்போனை எடுத்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் எடுத்தார்கள்.

மூலை மேஜையில் இருந்த ஒரு பெரியவருக்கு மனசு தாங்கவில்லை. எழுந்து வந்து முத்தமிழ்செல்வனின் தோளைத் தொட்டார்.

"எந்திரிங்க தம்பி. என்ன தப்பு பண்ணியிருந்தாலும் மாஸ்டர் மன்னிச்சுருவாரு."

முத்தமிழ்செல்வன் எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மாவைத் தட்டினார். சுற்றிலும் நீட்டியிருந்த செல்போன்களைப் பார்த்து, வேறு எதுவும் தோன்றாமல், ஒரு கும்பிடு போட்டார். பிறகு செல்லதுரையின் காதருகே வந்தார்.

"இதக் குடுத்ததா எங்கயும் வராது, பாத்துக்கங்க. செயலிப்படி நீங்க தன்னிறைவாளர். ஒங்களுக்குக் கால் கெடையாது. யார் வந்து கேட்டாலும் கால் இல்லைன்னுதான் சொல்லணும்."

"சரிங்க சார்" என்றார் செல்லதுரை. "இல்லைன்னு சொல்லிடறேன்."

அட்டைப்பெட்டியை மேஜை மேலேயே விட்டுவிட்டு முத்தமிழ்செல்வன் வெளியே போனார். ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்கிறவரைக்கும் செல்லதுரை கல்லில் கிடந்ததையே திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஓர் உருண்டையை எடுத்து வீசினார். வீசிய மாவு நடுவில் கிழிந்தது. தொழிலுக்கு வந்த காலத்திலிருந்து அவர் கையில் மாவு கிழிந்தது கிடையாது. வாசலில் கக்கத்துக் கட்டையோடு நின்ற பரிமளா அதைப் பார்த்தாள், ஆனால் உள்ளே வரவில்லை. செல்லதுரை கிழிந்ததை ஒன்றுசேர்த்துத் திரும்ப உருட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த உருண்டையை எடுத்தார்.